உன்னைச் சேர்த்தா, சேர்க்காமலா

பதினோரு வருடம் நாங்கள் பேசியதெல்லாம் வெயில்.
"இங்கே முப்பத்தொன்பது டிகிரி, ஓவர்."
"இங்கே ஒன்று கூட்டிக்கொள், ஓவர்."
காரைக்குடியில் என் மொட்டை மாடிக்கும்
கீழச்சிறுவயலில் சேவுகனின் உரக்கடைக்கும் நடுவே
பதினாறு கிலோமீட்டர் வானம்.
இதைப் பேசவா பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினாய் ஜெசிந்தா
என்று இன்சூரன்ஸ் ஆபீஸில் சிரிப்பார்கள்.
துணி காயப்போடவும் உதவாத கம்பி
என்பார் கீழ்வீட்டு சொர்ணம் அக்கா.

கார்த்திகை இரண்டாம் வாரம்.
ஒன்பது இருபதுக்குக் கரண்ட் போனது,
பத்தே காலுக்கு எல்லா டவரும்.
தாலுகா ஆபீஸில் ரேஷன் கார்டு விண்ணப்பக் கட்டுகளைத் தள்ளி
எனக்கு அரை மேசை தந்தார்கள்.
கொடிக்கம்பத்தின் உச்சியில் ஆன்டெனா,
காலடியில் யாரோ ஆட்டோவிலிருந்து கழற்றித் தந்த பேட்டரி.
தாசில்தார் சிக்னல் இல்லாத செல்போனை
எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காது முழுக்கக் கடுகு வெடிக்கும் சத்தம்.
அதற்குள்ளிருந்து அவன்:
"தண்ணி கலுங்கைத் தாண்டிருச்சு.
கிழக்கு மடைப் பக்கம் கரை கசியுது.
தெற்குத் தெரு ஆட்கள் ஸ்கூல் மாடியில், பதினே..."
"பதினேழா, பதினெட்டா, ஓவர்."

ஏழும் எட்டும் ஒரே வாய்த் திறப்பில் தொடங்கும்.
இரைச்சல் வாலைத்தான் முதலில் தின்னும்.

"ஒன்று. ஏழு.
குழந்தைகள் நாலு, மாசமாக இருப்பவர் ஒருவர், ஓவர்."

தீயணைப்பு நிலையத்தில் இருந்ததே ஒரு படகு.
அது தேனாற்றுப் பக்கம் போயிருந்தது.
அதைத் திருப்பி அழைத்துப்போனான் அடைக்கலராஜ்,
வாக்கி டாக்கியை ஹெல்மெட்டுக்குள் செருகிக்கொண்டு.

எங்கள் வேலைக்கு ஒரே சட்டம்:
சொன்னதைச் சொன்னபடி கடத்து.
பயமாக இருக்கிறது என்று அவன் சொன்னால் அதையும் சொல்.
சொல்லாவிட்டால் சேர்க்காதே.
அவன் சொல்லவில்லை.
ஒருவர் பட்டனை அழுத்தினால் மற்றவர் செவி மட்டும்.
இரண்டு பேரும் சேர்ந்து பதறுவதற்கு
இந்தப் பெட்டியில் வழியே இல்லை.

மூன்று நடை. ஆறு, ஆறு, ஐந்து.
மூன்று நாற்பதுக்கு அடைக்கலராஜ் சொன்னான்:
"பதினேழும் வந்தாச்சு.
படகைத் தேவகோட்டை ரோட்டுக்கு எடுக்கிறோம், ஓவர்."
தாசில்தார் ஒரு டிக் அடித்தார். டீ வந்தது.

வாய்வரை போன டம்ளரைக் கீழே வைத்தேன்.
"சேவுகா, பதினேழு என்றாயே,
உன்னைச் சேர்த்தா, சேர்க்காமலா, ஓவர்."

கடுகு.
கடுகு.

"பேட்டரி பத்துப் புள்ளி எட்டு வோல்ட்டில் நிற்குது, ஓவர்."
"கேட்டதற்குப் பதில், ஓவர்."
"சேர்க்காமல்."

கரை போனால் சொல்ல ஆள் வேண்டும், ஓவர்.
கீழே இன்னும் மூன்று ஊர் தூங்குது, ஓவர்.
டிராக்டர் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு படகில் ஏற முடியாது, ஓவர்.

அலைவரிசையில் திட்டக் கூடாது என்பது விதி.
திட்டினேன்.
பதினேழை அடித்துப் பதினெட்டு என்று எழுதினேன்,
டிக்குக்கு மேலேயே.

நாலு மணிக்குக் கரை உடையவில்லை.
ஐந்துக்கும் உடையவில்லை.
கால்மணிக்கு ஒரு தரம் பட்டனை அழுத்தி
"கரை இருக்குது" என்பான்,
மிச்ச வோல்ட்டுக்காக ஓவரையும் விட்டுவிட்டு.
நான் "சரி" என்பேன்.
என் வாழ்நாளில் யாரும் என்னிடம்
இத்தனை தடவை ஒரே நல்ல செய்தியைச் சொன்னதில்லை.

விடிந்து மணல் மூட்டைகளும் போயின, படகும் போனது.
மறுநாள் மாலை டவர் வந்து
எல்லா செல்போன்களும் ஒரே நேரத்தில் கத்தின.
அரை மேசையில் ரேஷன் கட்டுகள் திரும்ப உட்கார்ந்தன.
சேவுகனின் கடையில் நாற்பத்தொரு மூட்டை யூரியா
தண்ணீரோடு போய்விட்டதாக
வேறு யாரோ சொல்லித்தான் தெரியும்.

வியாழன் இரவு, வழக்கமான நேரம்.
"இங்கே இன்றைக்குத்தான் வெயில் எட்டிப் பார்த்தது, ஓவர்."
"எத்தனை டிகிரி, ஓவர்."
"முப்பத்தொன்று."
கொஞ்சம் கடுகு.
"என்னைச் சேர்க்காமல்."